ஈசானிய மூலையில் எர்த் குழி

உடுமலைப்பேட்டைக்கு ஜெயசுதாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் சமைக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்த சர்டிபிகேட்டைக் கொண்டுவரச் சொல்லி, வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். ஜாதகம் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்த ஜாதகமும் சர்டிபிகேட்டுக்கு மரியாதை கொடுத்துப் பொருந்திவிட்டது.

மாப்பிள்ளை வேல்குமார் வேலம்பாளையத்தில் வயரிங் வேலை செய்கிறவன். நல்ல வேலைக்காரன்தான். ஆனால் பத்தாவதிலேயே கணக்கு அவனைக் கைவிட்டிருந்தது. படிப்பு இல்லாமல் காண்ட்ராக்டர் லைசென்ஸ் கிடைக்காது. லைசென்ஸ் உள்ளவர் கையெழுத்துப் போட்ட டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாமல் எந்தக் கட்டடத்துக்கும் கரண்ட் கனெக்‌ஷன் கிடைக்காது. அதுவரை அவன் ஒவ்வொரு வேலைக்கும் அடுத்தவர் வீட்டு வாசலில் கையெழுத்துக்காகக் காத்து நின்றுகொண்டிருந்தான். அந்தக் கையெழுத்தை மருமகளாகவே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் என்ன என்ற யோசனை அவனுடைய அம்மா பொன்னாத்தாளுடையது.

கல்யாணமான மறு வருஷமே ஜெயசுதா பெயரில் லைசென்ஸ் வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு, கடையறையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். ஆயுத பூஜைக்கு முருகனுக்கு வைக்கிற சந்தனத்தில் மீதியை அதற்கும் வைத்தார்கள். லைசென்ஸுக்கு உரியவள் அடுப்படியில் இருந்தாள்.

"சுதா, ஒரு கையெழுத்து" என்று வேல்குமார் உள்ளே வருவான். அவள் மாவுக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, கேஸ் அடுப்புக்குப் பக்கத்து மேடையில் காகிதத்தை வைத்துப் போடுவாள். மேற்படி கட்டடத்தின் மின் இணைப்புகளை நேரில் சோதித்தேன், பாதுகாப்பாக உள்ளன என்று அதில் அச்சாகியிருக்கும். பல்லடத்துக் கோழிப்பண்ணை, காலேஜ் ரோட்டுக் கல்யாண மண்டபம், ஊர்ப்பட்ட பனியன் கம்பெனிகள் எல்லாவற்றையும் ஜெயசுதா அந்த மேடையில் நின்றபடியே நேரில் சோதித்திருக்கிறாள். சில ரிப்போர்ட்டுகளில் தோசை மாவின் ஓரக் கறை இருக்கும். யாரும் அதை ஆட்சேபித்ததில்லை.

அவர்கள் வீட்டுக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை, வாஷிங் மெஷின் இருக்கிற இடம் தவிர. அங்கே மட்டும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு நிரந்தரமாகக் கிடக்கும். ஒன்று பச்சை, ஒன்று நீலம். ஒறம்பரை என்று விருந்தாளி யாராவது வந்தால் பொன்னாத்தாள் முதலில் தண்ணீர் கொடுப்பாள், அடுத்து எச்சரிக்கை கொடுப்பாள்.

"மிசினத் தொடுறதுன்னா செருப்புப் போட்டுக்கோ கண்ணு. லேசா விறுவிறுங்கும். பழகுனா ஒண்ணுந் தெரியாது."

லைசென்ஸ் தொங்குகிற வீட்டில் மெஷின் விறுவிறுப்பதற்குக் காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எங்காவது கரண்ட் கசிந்தால், அது மனிதர் மேல் ஏறாமல் மண்ணுக்குள் இறங்குவதற்கு ஒரு வழி வேண்டும். அதற்குத்தான் எர்த். ஆழமாகக் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி, குழாய் இறக்கி, அவ்வப்போது தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருக்க வேண்டும். வழக்கமாக அதை மெயின் போர்டுக்குப் பக்கத்தில் வெட்டுவார்கள். மெயின் போர்டு அக்கினி மூலையில், அதாவது தென்கிழக்கில் இருக்க வேண்டும் என்பது வாஸ்து. கரண்டும் நெருப்புத்தானே. அதே வாஸ்து, அக்கினி மூலையில் குழியும் தண்ணீரும் கூடாது என்கிறது. "வெட்டுனா ஊட்டுப் பொம்பளைக்கு ஆகாதுங்க" என்று வாஸ்து பார்க்கிற கன்னையன் சொல்லியிருந்தார்.

ஆகவே ஊரில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. குழி வெட்டுவதில்லை. சிமெண்டில் ஒரு தொட்டி கட்டி, சாண் நீளக் குழாயை அதில் நட்டு, மேலே மூடி போட்டு வெள்ளையடித்துவிடுவார்கள். மூடியில் கறுப்புப் பெயிண்டில் 'எர்த்' என்றும், சோதித்த தேதியும், லைசென்ஸ்காரர் பெயரும் இருக்கும். பார்க்க வருகிற ஆபீசருக்கு மூடி. வாஸ்துவுக்கு மூடிக்குக் கீழே இருக்கிற கெட்டித் தரை. வீட்டுப் பெண்களுக்கு ரப்பர் செருப்பு.

இந்த ஏற்பாடு குலைந்தது பாண்டியம்மாளால். அவள் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. ஜெயசுதா வீட்டுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீட்டில் குடியிருந்தாள். பொன்னாத்தாளின் ஒரே தம்பி நஞ்சப்பனின் பனியன் கம்பெனியில் அயர்னிங் டேபிளில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அவள் கேட்டாள்.

"யக்கா, ஒங்க முழுப் பேரு சி. ஜெயசுதாவா?"

"ஆமா. ஏன்?"

"அப்ப நீங்க உசுரோடதான் இருக்கீக."

ஜெயசுதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பாண்டியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"தப்பா நெனைக்காதீகக்கா. எங்க கம்பெனில கரண்டுப் பொட்டிக்கிட்ட வெள்ளையடிச்சு ஒரு மேடை இருக்குல்ல? பேரு, தேதி எல்லாம் எழுதி. மொதலாளி வீட்டுல செத்துப்போன பொம்பள யாரோட சமாதியோன்னு நெனச்சுக்கிட்டிருந்தோம். நான் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஒரு பூ வச்சிருக்கேன். நேத்துத்தேன் எலெக்ட்ரீசியன் தம்பி சொல்லுச்சு, அது ஒங்க பேருன்னு."

ஜெயசுதாவும் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே, "பூ வெச்சதுக்கு எதாச்சும் பலன் இருந்துச்சா?" என்றாள்.

"எங்கிட்டு? டேபிளத் தொட்டா சுர்ருங்கறது நிக்கவே இல்ல. வெள்ளத் துணில மண்ணு ஒட்டுமுன்னு செருப்ப வெளிய விட்டுட்டுத்தான் வரணும். அட்டப்பெட்டியக் கிழிச்சுக் காலுக்குப் போட்டுக்கிருவோம். அட்ட வேர்வைல நனைஞ்சிருச்சுன்னா போச்சு. போன மாசம் ஆஷா கையி டேபிளோட ஒட்டிக்கிருச்சுக்கா. ஒரு இந்திக்காரப் பய கட்டையால அடிச்சு விட்டான். இல்லேன்னா அந்த மேடைல ரெண்டாவது பேரு எழுதியிருப்பாக."

பாண்டியம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஜெயசுதா குழாயை மூட மறந்து நின்றாள்.

மறுநாள், வீட்டில் செய்த முறுக்கைக் கொடுக்கிற சாக்கில் நஞ்சப்பன் கம்பெனிக்குப் போனாள். நஞ்சப்பன் வேல்குமாருக்குத் தாய்மாமன். அந்த முறையில் அவளுக்குச் சித்தப்பா. அவர் வெளியே போயிருந்தார். அவள் நேராக மெயின் போர்டுக்குப் பக்கத்தில் போய்த் தன் சமாதியைப் பார்த்தாள். பெயர் நன்றாகவே எழுதியிருந்தது. மூடியை நகர்த்தி, உள்ளே நட்டிருந்த குழாயைப் பிடித்து இழுத்தாள். முள்ளங்கி மாதிரி வந்துவிட்டது. அதை முறுக்குக் கொண்டுவந்த பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வேல்குமார் சாப்பிட உட்கார்ந்தபோது தட்டுக்குப் பக்கத்தில் குழாய் இருந்தது.

"இதென்ன?"

"எர்த்துங்க. உங்க மாமன் கம்பெனியுது. நான் நேர்ல சோதிச்சது."

அவன் குழாயையும் அவளையும் பார்த்தான். பிறகு ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

"ஊர்ல எல்லாரும் பண்றதுதானே சுதா? நானா வாஸ்து எழுதுனேன்?"

"நீங்க எழுதல. நானுந்தான் எழுதல. ஆனா எழுதியிருக்கறது என்ற பேருங்களே."

"செரி உடு. அந்தப் பழசு போவுது. பக்கத்துல மாமா புதுசாக் கட்டியிருக்காரு, வயரிங் முடிஞ்சுது. நாளைக்கு அதுக்கொரு கையெழுத்துப் போட்டுக் குடு."

"நேர்ல பாத்துட்டுத்தான் போடுவேனுங்க."

வேல்குமாருக்கு முதலில் அது வேடிக்கையாக இருந்தது. "பாக்காமயே இத்தனை வருசம் போட்டியே?"

"அதனாலதான் சமாதி கட்டீட்டாங்க."

அப்போதுதான் பொன்னாத்தாள் உள்ளே வந்தாள். விஷயம் புரிந்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நஞ்சப்பன் கோபக்காரர். தீபாவளி ஆர்டரைப் புதுக் கட்டடத்தில் ஓட்டப்போவதாக எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. மருமகளால் கனெக்‌ஷன் தள்ளிப்போனால், அவர் வேல்குமாரை விட்டு வேறு ஆளிடம் போவார். அவர் போனால் அவர் சொல்லிவிட்ட கம்பெனிகளும் போகும். அதெல்லாம்கூடப் பொன்னாத்தாளுக்குப் பெரிதில்லை.

"எனக்கிருக்கறது ஒரு தம்பி. ஆத்தா, என்ற பொறந்த ஊட்டுக் கதவை அடைச்சுப் போடாதே."

"கதவை நான் அடைக்கலீங்கத்தை. ஒரு குழி வெட்டச் சொல்றேன், அவ்வளவுதான்."

"அக்கினி மூலையிலயா? அதுக்கு நீ கதவையே அடைச்சிரலாம்."

ஆக, விஷயம் இதுதான் என்று எல்லாருக்கும் தெளிவாகிவிட்டது. அவள் கையெழுத்துப் போட்டால் வீடு நிம்மதியாக இருக்கும், பாண்டியம்மாள் புதுக் கட்டடத்திலும் அட்டையில் நிற்பாள். போடாவிட்டால் பாண்டியம்மாளுக்கு ஒன்றும் மாறாது, ஏனென்றால் நஞ்சப்பன் வேறொரு லைசென்ஸை எந்த அடுப்படியிலிருந்தாவது பிடித்துவிடுவார். வீடு மட்டும் உடையும். ஜெயசுதா இரண்டையும் யோசித்துப் பார்த்தாள். இரண்டும் பிடிக்கவில்லை.

புதுக் கட்டடத்துக்கு வேல்குமாரோடு அவள் வண்டியில் போய் இறங்கியபோது நஞ்சப்பன் கன்னையனையும் வரவழைத்திருந்தார். அக்காளின் மருமகளோடு நேரடியாகச் சண்டை போடுவது அழகில்லை என்று ஒரு துணை.

"வா அம்மிணி. என்னமோ குழி கேக்கறியாமா? என்ற ஆயுசுல யாரும் என்கிட்டக் குழி கேட்டதில்ல."

"வேலை செய்யற பொம்பளைகளுக்கு ஷாக் அடிக்குதுங்க சித்தப்பா."

"ஷாக்கு அடிச்சாத்தான் கரண்டு. அடிக்கலைன்னா தண்ணி. மாப்ளே, நீ சொல்லமாட்டியா?"

வேல்குமார் சுவிட்ச் போர்டில் இல்லாத ஒரு தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

கன்னையன் தொண்டையைச் செருமினார். "கோவிச்சுக்காதீங்க அம்மிணி. அக்கினி மூலையில குழியும் தண்ணியும் வந்தா நெருப்பு அணைஞ்சு போச்சுன்னு அர்த்தம். தொழில் படுத்துரும். ஊட்டுப் பொம்பளைக்கும் ஆகாதுங்க."

ஜெயசுதாவுக்குப் பாலிடெக்னிக்கில் படித்ததெல்லாம் ஒரு நிமிஷம் நெஞ்சு வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"செரிங்க. அப்பக் குழியும் தண்ணியும் எந்த மூலையில இருந்தா நல்லதுங்க?"

"ஈசானியம்தானுங்க. வடகிழக்கு. அங்க பள்ளமும் ஈரமும் இருந்தா குபேர சம்பத்து."

"அப்ப அங்க வெட்டீட்டு, செவுத்தோரமா எர்த்து இரும்புப் பட்டையச் சுத்திப் போர்டுக்குக் கொண்டாந்தா வாஸ்து ஒத்துக்குமுங்களா?"

கன்னையன் கண்ணை மூடினார். விரல்களை மடக்கி நீட்டினார். இப்படி ஒரு கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

"விசேசமுங்க! அக்கினியில இருந்து ஈசானியத்துக்கு ஒரு ஓட்டம் குடுக்கறீங்க. கெட்டது பூரா பூமிக்குள்ள எறங்கீரும். வடகெழக்குத் தேசத்துல இருந்து ஆர்டர் வருமுங்க."

எர்த்துக்கு அதைவிடச் சரியான விளக்கத்தை ஜெயசுதாவின் வாத்தியார்கள்கூடச் சொன்னதில்லை. வடகிழக்கில் எந்தத் தேசம் பனியன் வாங்குகிறது என்று நஞ்சப்பன் கேட்கவில்லை. "ஜப்பானாத்தான் இருக்கும்" என்று அவரே சொல்லிக்கொண்டார். அவள் சொன்னதைவிட ஆழமாக வெட்டச் சொன்னார்.

குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டிக் குழாய் இறக்கினார்கள். வேல்குமார் பட்டையைச் சுற்றிக் கொண்டுவந்து இணைத்தான். வேலை என்று இறங்கிவிட்டால் அவன் குறை வைக்கிறவனில்லை. கடையில் உறை பிரிக்காமல் இருந்த எர்த் டெஸ்டரை ஜெயசுதா எடுத்து வந்து தானே வைத்துப் பார்த்தாள். ரீடிங் பாடப் புத்தகத்தில் இருப்பது போல வந்தது. நம்பிக்கையில்லாமல் மறுபடி வைத்தாள். மறுபடியும் அதேதான். குழி வடகிழக்கு மூலையில் என்று ரிப்போர்ட்டில் எழுதி, அங்கேயே ஒரு வெட்டுத் துணிக் கட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். மாவு ஒட்டாததாலோ என்னவோ, அது அவளுக்கே வேறு யாருடைய கையெழுத்தோ போலத் தெரிந்தது.

மின்வாரியத்திலிருந்து ஆய்வுக்கு வந்தவர் சின்ன வயது எஞ்சினியர். பணிவானவர். நேராக மெயின் போர்டுக்குப் போய்த் தரையைப் பார்த்தார்.

"மூடி எங்கீங்க?"

"எர்த் ஈசானியத்துல இருக்குதுங்க சார்" என்று ஜெயசுதா கூட்டிப்போனாள்.

நஞ்சப்பன் காலையில் கம்பெனி திறந்ததும் முதல் வேலையாக அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வெறும் தண்ணீர் ஊற்றுவது நன்றாக இல்லையென்று மஞ்சள் கரைத்து ஊற்றினார். பிறகு மூடிக்குக் குங்குமம் வைத்தார். செவ்வந்திப் பூவும், வெட்டிய எலுமிச்சம்பழமும் தானாக வந்து சேர்ந்தன. எஞ்சினியர் பத்தடி தூரத்திலேயே ஷூவைக் கழற்றினார்.

"கன்னிமாருங்களா?" என்று கும்பிட்டார்.

"எர்த்துங்க சார்."

"எந்த அம்மன்?"

"எர்த் குழிங்க சார். திறந்து காட்டறேன்." அவள் குனிந்து மூடியில் கை வைத்தாள்.

நஞ்சப்பன் நடுவில் வந்து நின்றார். "அம்மிணி, கையெடு. பூசை பண்ணுன எடம். கண்ட நேரத்துல தொறக்கக் கூடாது."

"வேண்டாமுங்க, வேண்டாமுங்க" என்று எஞ்சினியரும் பின்வாங்கினார். அவள் டெஸ்டரை வைத்து ரீடிங்கைக் காட்டினாள். அவர் தலையசைத்தார்.

"ரீடிங் அருமைங்க மேடம். இந்த ஊர்ல நான் இப்பிடிப் பாத்ததேயில்ல. ஆனா நான் போட்டோ எடுத்து மேல அனுப்போணும். மஞ்சளும் குங்குமமும் தெரிஞ்சா, எர்த்துக்குப் பதிலாக் கோயிலை எதுக்குடா அனுப்புனேன்னு கேப்பாங்க. போர்டுகிட்ட எல்லாக் கம்பெனிலயும் ஒரு மூடி இருக்குமுங்களே, அந்த மாதிரி ஒண்ணு வெச்சிருங்க. நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்."

எஞ்சினியர் வண்டி ஏறிப் போனார். கன்னையன்தான் தீர்ப்புச் சொன்னார். "மூடிதானுங்களே. கீழ குழி இல்லீன்னா வாஸ்துக்கு ஆட்சேபணை இல்லீங்க."

வேல்குமார் மனைவியின் முகத்தைப் பார்த்தான். "சுதா, கையெழுத்த வாபஸ் வாங்கிறாத. நெசமான எர்த்து அங்க இருக்குதல்லோ? இது சும்மா போட்டோவுக்கு."

"என்ற பேரு அதுல வரக் கூடாதுங்க."

"வராது."

"அப்பறம், பழைய கட்டடத்துக்கும் ஈசானியத்துல குழி வெட்டோணும். இன்னைக்கே. வெட்டுனா மூடி வெச்சுக்குங்க, நான் வாயத் தொறக்கல. இல்லீன்னா நாளைக்கு அவுரு வர்றப்ப இந்தக் குழாயோட வந்து நிப்பேன்." பையிலிருந்து அந்தச் சாண் குழாயை எடுத்துக் காட்டினாள். அதை அவள் இத்தனை நாளும் பையிலேயே வைத்திருந்தது அப்போதுதான் வேல்குமாருக்குத் தெரிந்தது.

"ஏனம்மிணி, மிரட்டறயா?" என்றார் நஞ்சப்பன். ஆனால் அவர் கண் கன்னையனிடம் போயிருந்தது. "ரெண்டு ஈசானியம் இருந்தா ஆர்டர் ரெண்டாகுமுங்களா?"

"ஆகுமுங்க" என்றார் கன்னையன்.

பழைய கட்டடத்துக் குழியை அன்றைக்கே வெட்டினார்கள். மறுநாள் எஞ்சினியர் வந்து, போர்டுக்குப் பக்கத்தில் இருந்த பெயரில்லாத புது மூடியைப் பார்த்தார். கடமைக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். கீழே கெட்டித் தரையாக இருந்ததால் தண்ணீர் கொஞ்சமும் இறங்காமல் அப்படியே நின்றது.

"ஈரம் நல்லா நிக்குதுங்க" என்று திருப்தியாகப் போட்டோ எடுத்துக்கொண்டார். ஜெயசுதாவின் ரிப்போர்ட்டில் 'வடகிழக்கு மூலை' என்றிருந்ததை அடித்து, 'பேனல் அருகில்' என்று தன் கையால் திருத்தினார். அவள் வாழ்க்கையில் நேரில் சோதித்துப் போட்ட முதல் கையெழுத்துக்கு மேலே இப்போது ஒரு பொய் இருந்தது. வாக்குக் கொடுத்துவிட்டதால் அவள் வாயைத் திறக்கவில்லை. கனெக்‌ஷன் வந்தது. தீபாவளி ஆர்டரும் போனது, ஜப்பானுக்கு அல்ல, ஈரோட்டுக்கு.

ஊரில் பேச்சுப் பரவியது. "அந்தம்மா நேர்ல வந்து பாக்கும்" என்பதைக் கேட்டுச் சில கம்பெனிகள் வேறு லைசென்ஸ் தேடிப் போயின. போனவர்களில் பாதிப்பேர் ஈசானியக் குழிக்காகத் திரும்பி வந்தார்கள். கன்னையன் அதை நன்றாகப் பரப்பிக்கொண்டிருந்தார். வேல்குமார் இப்போது "ஒரு கையெழுத்து" என்று அடுப்படிக்கு வருவதில்லை. வாசலில் வண்டியை முறுக்கிக்கொண்டு, "சுதா, கெளம்பு" என்கிறான். அவள் கிளம்பத் தாமதமானால் அடுப்பைப் பார்த்துக்கொள்ள அவன்தான் உள்ளே வர வேண்டியிருக்கிறது.

பாண்டியம்மாள் பழைய மூடியிலிருந்த பெயரைச் சுரண்டிவிட்டு வந்து சொன்னாள். "யக்கா, ஒங்களுக்குக் காரியம் முடிச்சுட்டேன். இனிமே ஒங்களுக்குப் பூ கெடையாது." டேபிள் சுர்ரென்பது நின்றுவிட்டதாம். ஆனாலும் பெண்கள் அட்டையை எடுக்கவில்லை. குளிர்ச்சியாக இருக்கிறதாம்.

ஊருக்கெல்லாம் வெட்டி முடித்த பிறகு வேல்குமார் தன் வீட்டு ஈசானியத்தில் வெட்டினான். ஜெயசுதா ரீடிங் பார்த்துவிட்டு மாமியாரைக் கூப்பிட்டாள்.

"அத்தை, செருப்பக் கழட்டீட்டு மிசினைத் தொட்டுப் பாருங்க."

"வேண்டாங் கண்ணு."

"நான் கையெழுத்துப் போட்டிருக்கேனுங்க."

பொன்னாத்தாள் பச்சையையும் நீலத்தையும் கழற்றினாள். முருகா என்று ஒரு விரலை வைத்தாள். பிறகு உள்ளங்கையை வைத்தாள். சற்று நேரம் காத்திருந்தாள். அவள் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

"ஏனாத்தா, மிசினு கெட்டுப் போச்சா?"